முதலில் பேச வேண்டியவர்

ஜூன் 8

அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குடியிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட யாராவது ஓடி வருவார்கள்.

நீங்கள் போன் செய்யும்போது நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம், அழுதாலும் யாருக்கும் தெரியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

வீடு நன்றாக இருக்கிறது. அப்பா சமையல் கற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். நான் மாடியிலிருந்து ஓடி வந்து அணைப்பேன். "இப்பதானே வச்சேன், அதுக்குள்ள என்ன அவசரம் வக்கீலுக்கு?" என்பார். நான் இன்னும் அவருக்கு வக்கீல்தான். படிக்க ஆரம்பித்தால் அவருக்கு உலகம் மறந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம், "உங்கம்மாவுக்கு இங்க இல்லாத வேலையா அங்க?" என்று கேட்கிறார். என்ன சொல்வது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"உங்கம்மா இப்ப வாத்தியாருக்கெல்லாம் வாத்தியார். கடைசி வரிசையில உட்கார்ந்து மத்தவங்க பாடம் எடுக்குறதைப் பார்ப்பாங்க. பார்த்து எழுதுவாங்க. என்னையும் பார்த்து எழுதினாங்க. அதோட சரி" என்றார். பிறகு தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அது என்ன வேலை? அப்பாவைப் பார்த்து நீங்கள் என்ன எழுதினீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மகள்

———

ஜூன் 17

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு லீவு விண்ணப்பம் எழுதுவது போல.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்களுக்கு உடம்பை அறுக்கவும் தைக்கவும் சொல்லித்தருகிறார்கள். சொல்லிக்கொடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நல்ல டாக்டர் என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்று நினைத்துக் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் பாடம் எடுத்த ஒருவரின் வகுப்பை இன்னொரு ஆசிரியர் ஒருநாள்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதை மாற்றுவதுதான் என் வேலை.

இரண்டு ஆசிரியர்கள் ஜோடி சேர்வார்கள். ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுவார். "இடப்பக்கம் இருந்தவர்களை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை" என்று எழுதலாம். "அவருக்கு அக்கறை இல்லை" என்று எழுதக் கூடாது. வகுப்பு முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் பாடம் எடுத்தவர். எப்படிப் போயிற்று என்று அவரே யோசித்துச் சொல்லி முடிக்கும்வரை பார்த்தவர் பேசக் கூடாது. பேசியது அந்த இருவரோடு நிற்க வேண்டும், மேலே போகக் கூடாது. அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். இவ்வளவுதான்.

நானும் அப்பாவும் பாடம் எடுக்கும் நம் ஊர்க் கல்லூரியில் இதை ஆரம்பித்தபோது, தன் வகுப்பைப் பார்க்க நான்தான் வர வேண்டும் என்று அப்பாவே கேட்டார். இதய ஒலிகளைப் பற்றிய பாடம். வால்வு சரியாக மூடாவிட்டால் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே மெல்லிய ஊதல் போல ஒன்று கேட்கும். மர்மர் என்போம். அப்பாவைப் போல அதைச் சொல்லித்தர ஆளில்லை. அன்றைக்கும் பிரமாதமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி சந்தேகம் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். அவர் எழுதிக்கொண்டே போனார். அவள் கையை இறக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதை அப்படியே எழுதினேன். படித்துவிட்டு அப்பா, "வீட்டுக்காரியா பார்த்தியா, வாத்தியாரா பார்த்தியா?" என்றார். "டாக்டரா பார்த்தேன். காதை டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. இதே வேலையைச் செய்ய இந்த ஊர்க் கல்லூரியில் ஒரு வருடத்துக்குக் கூப்பிட்டார்கள். வந்துவிட்டேன்.

குக்கர் விசிலைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்கு நீ பேசுவது கேட்கிறதா?

அம்மா

———

ஜூன் 26

அம்மா,

நீ என்றே எழுதுகிறேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டேன். (இது உன் கேள்விக்குப் பதில்.) அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"யார் முதல்ல பேசணும்னு எழுதியிருக்காங்க?"

"பாடம் எடுத்தவங்க."

"நான் பேசினேனா? வகுப்பை விட்டு வெளிய வர்றதுக்குள்ள பேப்பரை நீட்டிட்டாங்க. சரி, அவசரக்காரி, போகட்டும். அடுத்த வாரம் யார் கிளாஸுக்கு யார் போகணும்?"

"நீங்க, அம்மா கிளாஸுக்கு."

"அவங்க பெட்டியைக் கட்டிட்டாங்க. என்னைப் பார்த்தாச்சு, எழுதியாச்சு. அவங்களை யாரும் பார்க்கலை." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இதையும் எழுது வக்கீல்."

எழுதிவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அப்பாவின் உதவி டாக்டரை உனக்குத் தெரியும், எப்போதும் அவர் பின்னாலேயே நடப்பதால் மாணவர்கள் நிழல் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவர். மேல்படிப்புக்கு இடம் கிடைத்து ஊரை விட்டுப் போகிறார். விடைபெற்றுக்கொள்ள வந்தார். அப்பா பால் வாங்கக் கீழே போன நேரத்தில் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"பாப்பா, சார் வார்டுல ஒவ்வொருத்தரையும் பார்த்து முடிச்சதும் டீ குடிக்கப் போவார். அந்த நேரத்துல நான் எல்லாருக்கும் இன்னொரு தடவை ஸ்டெத் வச்சுப் பார்ப்பேன். சாருக்குத் தெரியாது."

"எதுக்கு?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் காதைத் திறந்துவிட்டதே அவர்தான். அவர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்ல? இப்ப நான் போறேன். எனக்கப்புறம் யார் வச்சுப் பார்ப்பாங்கன்னு தெரியல."

"இதை என்கிட்ட சொல்லி? நான் பன்னிரண்டாவது படிக்கிறேன் அண்ணா."

"தெரியும். ஆனா வேற யார்கிட்டயும் சொல்ல எனக்கு வாய் வரலை."

அப்பா பாலோடு வந்தார். நிழல் அண்ணா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்பா, "போய்ப் பெரிய ஆளா வா, அங்கயாவது ஒருத்தருக்கு முன்னாடி நட" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை.

அன்றைக்கு இரவு யோசித்துப் பார்த்தேன். வாசல் மணி அடித்தால் நான் போய்த் திறக்கிறேன். அவருக்கு வரும் போனை நான் எடுத்து விஷயத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் விலை சொன்னால் அவர் பக்கம் திரும்பி நான் ஒருமுறை சொல்கிறேன். இதையெல்லாம் எப்போது ஆரம்பித்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவும் இல்லை.

அப்பாவின் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காரலாம் என்றிருக்கிறேன். நீ சொன்ன முறைப்படி.

உன் மகள்

———

ஜூலை 5

கண்ணம்மா,

போகாதே. அது உன் வேலை இல்லை. அந்த வகுப்பில் நீ பார்க்கப்போவதை உன்னால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது.

நிழல் செய்தது தெரிந்ததிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. இத்தனை நாள் அது காதைப் பற்றிய விஷயம், எங்கள் இருவரின் வீம்பைப் பற்றிய விஷயம். இப்போது வார்டில் படுத்திருப்பவர்களைப் பற்றிய விஷயமாகிவிட்டது. நம் கல்லூரி டீனுக்கு ஒரு வரி எழுதினால் போதும், அவர் அன்றைக்கே ஏதாவது செய்துவிடுவார்.

எழுத உட்கார்ந்தால் இங்கே இருக்கும் ஒருவர் முகம் முன்னால் வருகிறது. அறுவை சிகிச்சைப் பேராசிரியர். ஓய்வு பெறப்போகிறவர், ஊரே பயப்படும் ஆள். அவர் வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "இது என்னோடயும் உன்னோடயும் நிக்கும்னு சத்தியம் பண்ணு" என்றார். செய்துகொடுத்தேன். பாடம் முடிந்ததும் அவராகவே, "பசங்களைத் திட்டுறது பாதி, எனக்கு மறந்துபோறதை மறைக்கத்தான்" என்றார். அப்படி ஒரு வார்த்தை வெளியே வர அந்தச் சத்தியம்தான் காரணம். அப்பா விஷயத்தில் நான் அதை மீறிவிட்டேன் என்று தெரிந்தால் இங்கே ஒரு வகுப்பறைக் கதவும் திறக்காது. திறக்கவும் கூடாது.

இதை ஒரு பக்கம் வைத்தால், மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய இதயம் இருக்கிறது. எனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடு. நீ ஒன்றும் செய்யாதே.

அம்மா

———

ஜூலை 12, சனிக்கிழமை

அம்மா,

நீ போகாதே என்று எழுதிய கடிதம் நேற்று வந்தது. நான் இன்றைக்குப் போனேன். மன்னித்துக்கொள்.

கல்லூரி நூலகத்தில் படிக்க வருவதாகச் சொன்னேன். "வகுப்பையும் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "வா, வா. உங்கம்மாவைவிட நீயாவது ரெண்டு மார்க் கூடப் போடு" என்றார்.

கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுகிறேன்.

படிக்கட்டு மாதிரி இருக்கை போட்ட பெரிய அறை. திரையில் இதய ஒலியின் படம் பச்சைக் கோடாக ஏறி இறங்கி ஓடியது. அதற்கேற்ற சத்தம் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வர வேண்டும். வரவில்லை. கம்பி கழன்று முதல் வரிசைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

அப்பா குச்சியால் பச்சைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இதோ முதல் ஒலி. இப்ப நடுவுல ஊதுது பாருங்க, ஜன்னல் இடுக்குல காத்து வர்ற மாதிரி. கேட்குதா?" என்றார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பழகியவர்கள் போல இருந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தாளம் போட்டு, அந்த ஊதலை வாயாலும் செய்து காட்டினார். எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுக்கிறார் அம்மா. இல்லாத சத்தம் எனக்கே கேட்டுவிடும் போலிருந்தது.

அப்போது முதல் வரிசையில் ஒரு பையன் ஷூ கயிறு கட்டுவது போலக் குனிந்து கம்பியைச் சொருகினான். சத்தம் முழு அளவில் வைத்திருந்தார்கள் போல, திடீரென்று அறை அதிர்ந்தது. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்ணின் பேனா கீழே விழுந்து உருண்டது.

அப்பா மட்டும் அசையவில்லை. எங்களைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன, பூதத்தைப் பார்த்தீங்களா எல்லாரும்?" என்றார்.

வகுப்பு முடிந்து கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தோம். நீ சொன்ன முறைப்படி நான் பேசவில்லை. "வகுப்பு எப்படிப் போச்சுப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ரொம்ப நல்லா போச்சு. இந்த பேட்ச் தங்கம். முன்னெல்லாம் ஒரே சலசலப்பு, குறுக்க குறுக்கக் கேள்வி. இப்ப எவ்வளவு அமைதி பாரு. ஒரு வருஷமாவே அப்படித்தான். வயசானா வகுப்பு கையில நிக்கும்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு."

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன் அம்மா. பிறகு கம்பியைப் பற்றிச் சொன்னேன். பையன் குனிந்ததையும் பேனா உருண்டதையும் சொன்னேன். நன்று, மோசம் என்று எதுவும் சொல்லவில்லை. நிழல் அண்ணா சொன்னதையும் சொன்னேன்.

டீயில் ஆடை படிந்தது. அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நான் டீ குடிக்கப் போற நேரத்துலயா?"

"ஆமாப்பா."

"அவன் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எந்தெந்த நோயாளிகளைப் பார்த்தோம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "திங்கட்கிழமை டீன்கிட்ட போறேன். நானே சொல்றேன். யாரும் எனக்காகப் பேச வேண்டாம்" என்றார். இப்போது உள்ளே கண்ணாடி முன்னால் நின்று என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சன்னமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தெருவரைக்கும் கேட்கிறது. நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டேன்.

உன் மகள்

———

ஜூலை 16

கண்ணம்மா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. நின்றுகொண்டே படித்தேன்.

உனக்கு எழுதி அனுப்பிய ஐந்தாம் நாள் நான் டீனுக்கு எழுதிவிட்டேன். வார்டில் ஒரு வயதான அம்மாளின் நெஞ்சில் ஸ்டெத் வைத்தபோது, இவரைப் போன்றவரை அங்கே யார் மறுபடி பார்ப்பார் என்று தோன்றியது. அதற்குமேல் பொறுக்கவில்லை. என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கணக்குப் பார்த்தால் அது சனிக்கிழமையே அவர் மேசைக்குப் போயிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் டீன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மீட்டிங் என்றார்கள். அப்பாவுக்குச் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் செய்துகொண்டே இருந்தேன். எப்படியும் திங்கட்கிழமை கடந்துவிட்டது.

என்ன நடந்தது என்று எழுது. எதையும் மறைக்காதே.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொல்லிக்கொண்டே அப்பாவின் நம்பரை மறுபடியும் அழுத்துகிறேன்.

அம்மா

———

ஜூலை 24

அம்மா,

மறைக்காமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்னார். டீன் சன்னமாகப் பேசுகிறவர், அதனால்தான். கதவைத் திறந்ததுமே டீன் எழுந்து வந்து அப்பாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா, "சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஆரம்பித்தார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த அதே வாக்கியம். டீன் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார். எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி உன் கடிதத்தை மேசையில் நகர்த்தினார். அவர் நல்ல மனசோடுதான் செய்தார். அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அப்பா உன் கையெழுத்தைப் பார்த்தார். படிக்கவில்லை. நான்தான் நீ எழுதிய வேகத்தைப் பார்த்து, நீ அழுதுகொண்டு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. "நான் சொல்லத்தான் வந்தேன்" என்று மறுபடியும் சொன்னார். டீன், "தெரியும் சார், தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது அம்மா. யாருக்குமே இனிமேல் தெரியப்போவதில்லை. மனைவி எழுதிப்போட்டதால் மாட்டிக்கொண்டார் என்றுதான் கல்லூரியில் பேசிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கே அவரை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வகுப்பும் இல்லை. நிழல் அண்ணா போனதற்குப் பிறகு அப்பா பார்த்த எல்லோரையும் வேறு டாக்டர் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். ஒரு பஸ் கண்டக்டர், அப்பா வாய்வுத் தொல்லை என்று சொல்லி அனுப்பியவர், அவருக்கு வால்வில் கோளாறு. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். நல்ல வேளை இப்போதாவது தெரிந்தது என்கிறார்கள். உன் கடிதம் இல்லாவிட்டாலும் அப்பாவே அன்றைக்குச் சொல்லியிருப்பார், கண்டக்டரை அன்றைக்கே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அப்பா சொல்லாமல் போயிருந்தால்? இதை நான் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தீர்ப்பு வரவில்லை. அப்பா என்னை வக்கீல் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அந்தக் கண்டக்டரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் நானும் போனேன். கண்டக்டருக்கு விஷயம் தெரியும். "தப்பா டிக்கெட் கிழிச்சா நாங்களும்தான் மாத்திக் கொடுப்போம் சார், விடுங்க" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொல்லப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார்.

இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்று காது டாக்டர் சொல்கிறார். பேச்சு கேட்குமாம். இதயத்தின் மெல்லிய சத்தங்கள் கேட்குமா என்று அப்பா கேட்டார். டாக்டர் வேறு எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

நீ அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருவதாக நேற்று அனுப்பிய செய்தியை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கித் தானே படித்தார். பிறகு, "வரட்டும். காதைப் பத்தி நான் பேசுறேன். கடிதத்தைப் பத்தி அவ பேசட்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேச வேண்டாம்" என்றார். "நீ நடுவுல உட்காராதே, மாடிக்குப் போய்ப் படி" என்றார்.

அதனால் நீ வரும்போது நான் கீழே இருக்க மாட்டேன். கதவு திறந்திருக்கும். உனக்குப் படுக்கை என் அறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் மகள்